சேலத்துச் சிறையும் நீதிபதியின் எல்லையும்

சேர்வராயன் மலையடியிலிருந்து தெற்கே திருமணிமுத்தாறு பாயும் சமவெளியும், அதற்கப்பால் காவிரிக்கரை வரையில் விரிந்து கிடக்கும் திருச்செங்கோடு, நாமக்கல் பிரதேசமும் தறிக்கும் மாங்கனிக்கும் பெயர் பெற்றவை என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால், இந்திய அரசியல் சட்டத்தை நீதிபதிகள் எவ்வாறு வியாக்கியானம் செய்ய வேண்டும் என்ற பெரிய விவாதத்தின் முக்கியமான கட்டங்கள் பலவற்றில் இந்த மண்ணின் பெயரோ, இந்த மண்ணைச் சேர்ந்த மனிதர்களின் பெயரோ தொடர்ந்து இடம்பெற்று வந்திருக்கிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத சரித்திரம். நீதிமன்றங்கள் வரம்பு மீறுகின்றன என்று ஒரு சாராரும், நீதிமன்றங்கள் தலையிடாவிட்டால் ஏழைக்கு வேறு கதி ஏது என்று மற்றொரு சாராரும் உரத்த குரலில் வாதாடி வரும் இந்நாளில், இந்தச் சரித்திரத்தை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது, இரு சாராருக்குமே பிரயோஜனமான காரியம் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

அரசியல் சட்டம் என்ற ஒன்று நமக்கு இல்லாத காலத்திலிருந்தே இந்தக் கதை தொடங்குகிறது. 1882-ஆம் ஆண்டில் சேலம் நகரில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கொடிய கலவரம் மூண்டது. அதைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவர் என்று, அப்போதுதான் வக்கீல் தொழிலில் அடியெடுத்து வைத்து, நகரசபையிலும் அங்கத்தினராகியிருந்த சி. விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. கீழ்க்கோர்ட்டு விதித்த கடுந்தண்டனையைச் சென்னை ஹைக்கோர்ட்டு ரத்துச் செய்து அவரை விடுதலை செய்தது. ஆயினும் அதற்குள் அரசாங்கம் அவரை நகரசபைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டிருந்தது. இன்னொருவராயிருந்தால் உயிர் தப்பியதே போதுமென்று ஒதுங்கியிருக்கக்கூடும். விஜயராகவாச்சாரியாரோ, தம்மிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேளாமல் தம்மை நீக்கியது செல்லாது என்று, இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் திரட்டில் இடம்பெற்ற அந்த வழக்கில், ஒருவரைப் பதவி நீக்கம் செய்யும் அதிகாரம் கவர்னருக்கே இருந்தாலும், குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும் சமாதானத்தைக் கேட்ட பிறகே அந்த அதிகாரத்தைப் பிரயோகிக்கலாம் என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விளக்கம் கேட்டுத்தான் நீக்க வேண்டும் என்று எந்தச் சட்டப் பிரிவும் வாய்விட்டுச் சொல்லாதபோதும், மனிதனுக்கும் அதிகாரத்துக்கும் இடையே நியாயம் என்ற ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும் என்று கருதி, சட்டத்தின் மௌனத்தை நீதிபதிகள் பிரஜையின் பக்கமாக வியாக்கியானம் செய்தார்கள். எழுதப்படாததை வாசித்தார்கள் என்று இதைச் சொல்லலாம். ஆனால், அவர்கள் வாசித்தது தங்களுக்காகவோ தங்களுக்குப் பிடித்த கொள்கைக்காகவோ அன்று. அதிகாரத்தின் முன் தனித்து நின்ற ஒரு மனிதனுக்காக. பின்னாளில் 1920-ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அப்பெரியவர், சேலத்து மக்களுக்கு விட்டுச்சென்ற ஆஸ்தி இந்த ஒரு வழக்கே என்று சொன்னாலும் மிகையாகாது.

அதற்குப் பின் அறுபத்தாறு வருஷங்கள் கழிந்தன. நாடு சுதந்திரம் பெற்றது. அரசியல் நிர்ணய சபை மூன்று வருஷ காலம் கூடிக் கலந்து இயற்றிய அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பேச்சு, எழுத்து, சங்கம் முதலிய சுதந்திரங்களை ஜீவாதார உரிமைகள் என்று பிரகடனம் செய்த அந்தச் சாஸனத்தின் மை உலர்ந்து பதினாறே நாட்கள் ஆகியிருந்த வேளையில், பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் மத்திய சிறைக்குள் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர்; அங்கே அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகளில் 22 பேர் உயிரிழந்தனர்; மேலும் பலர் காயமுற்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லாவாக இருந்த மலபாரின் விவசாயப் போராட்டங்களில் கைதானவர்கள். அவர்கள் சார்ந்திருந்த கட்சியை 1949 செப்டம்பரிலேயே சென்னை அரசாங்கம் தடை செய்திருந்தது. அவர்கள் கொண்டிருந்த கொள்கையும், அன்று அக்கட்சி கைக்கொண்டிருந்த பலாத்கார வழியும் சரியா தவறா என்பது வேறு விசாரணை. காவலில் இருப்பவனுடைய உயிருக்குக் காவலில் வைத்தவனே பொறுப்பாளி என்பதில் எந்தக் கட்சிக்காரருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை.

இந்தச் சம்பவத்தைக் கடுமையாகக் கண்டித்த பத்திரிகைகளில், பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் ஆசிரியராகவும் அச்சிடுவோராகவும் வெளியிடுவோராகவும் இருந்து நடத்தி வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையும் ஒன்று. 1950 மார்ச் 1-ஆம் தேதி சென்னை அரசாங்கம், 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்கு பராமரிப்புச் சட்டத்தின் 9(1-ஏ) பிரிவின்படி, அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரக்கூடாது, விற்கக்கூடாது, விநியோகிக்கக்கூடாது என்று உத்தரவு பிறப்பித்தது. பொது மக்களின் பாதுகாப்பும் பொது ஒழுங்கும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். தாப்பர் சென்னை ஹைக்கோர்ட்டுக்குச் செல்லாமல், அரசியல் சட்டத்தின் 32-ஆவது ஷரத்தின்படி நேராகச் சுப்ரீம் கோர்ட்டின் வாசலுக்கே போனார். அவருக்காக சி. ஆர். பட்டாபிராமனும், சென்னை அரசாங்கத்துக்காக அட்வொகேட்-ஜெனரல் கே. ராஜா ஐயரும் வாதாடினார்கள். பிரதம நீதிபதி கனியாவின் தலைமையில் ஆறு நீதிபதிகள் விசாரித்த அந்த வழக்கில் 1950 மே 26-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று.

பெரும்பான்மையோர் தீர்ப்பை எழுதியவர் எம். பதஞ்சலி சாஸ்திரி. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சமஸ்கிருத பண்டிதராக விளங்கிய ஒருவரின் புதல்வர். சென்னை ஹைக்கோர்ட்டில் வக்கீலாயிருந்து நீதிபதியாகி டில்லிக்குச் சென்றவர். புரட்சிக்காரர் என்று அவரை எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். முதலில் ஹைக்கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்ற அரசாங்கத்தின் பூர்வாங்க ஆட்சேபனையை அவர் ஏற்கவில்லை; ஜீவாதார உரிமைகளுக்குப் பாதுகாவலாக அரசியல் சட்டமே இந்தக் கோர்ட்டை நியமித்திருக்கும்போது, அந்த உரிமை பறிபோயிற்று என்று வருகிறவனைத் திருப்பியனுப்புவது தன் கடமையைக் கைவிடுவதாகும் என்றார். பிறகு மூலத்துக்கு வந்தார். எழுதும் சுதந்திரம் என்பது எழுதியதைப் பரப்பும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது. பரப்ப முடியாத பத்திரிகைக்கு அச்சிடும் உரிமை மட்டும் இருந்து என்ன பயன்? அந்தச் சுதந்திரத்துக்கு 19-ஆவது ஷரத்தின் இரண்டாவது உட்பிரிவு அனுமதிக்கும் விலக்குகளுள், ராஜ்யத்தின் பாதுகாப்பைக் குலைக்கும் அல்லது ராஜ்யத்தைக் கவிழ்க்க முற்படும் விஷயம் என்பது இருக்கிறதே தவிர, பொது ஒழுங்கு என்பது அன்றைக்கு அங்கே இல்லை. தெருச் சண்டையும் பொது ஒழுங்கைக் கெடுப்பதுதான். அதனால் ராஜ்யம் கவிழ்ந்துவிடுமா? அரசியல் நிர்ணய சபை, ராஜத்துரோகம் என்ற சொல்லை நகலில் முதலில் சேர்த்துப் பின்னர் நன்றாக ஆலோசித்தே அதை நீக்கியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சிறிய காரணத்துக்கும் பெரிய காரணத்துக்கும் ஒன்றுபோலப் பயன்படக்கூடிய சட்டம், அரசியல் சட்டம் வகுத்த எல்லைக்கு வெளியேயும் பிரயோகிக்கப்படலாம். ஆகையால் அது முழுவதுமே செல்லாது. தடையுத்தரவு ரத்தாயிற்று. டில்லியில் முன்தணிக்கைக்கு உள்ளாக்கப்பட்ட, முற்றிலும் மாறான கொள்கையுடைய 'ஆர்கனைஸர்' பத்திரிகைக்கும் அதே நாளில் அதே நியாயம் வழங்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இடப்புறத்தாருக்கும் வலப்புறத்தாருக்கும் நீதிபதி ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினார்.

இந்தத் தீர்ப்பில் சேலம் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. சிறையில் இறந்த 22 பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்ணீரைத் தூண்டும் வாசகமோ, அரசாங்கத்தைக் கண்டிக்கும் ஆவேசமோ இல்லை. இருப்பதெல்லாம் அரசியல் சட்டத்தின் வார்த்தைகளும், அந்த வார்த்தைகளுக்குள் அரசாங்கத்தின் உத்தரவு அடங்குகிறதா என்ற பரிசோதனையுமே. அநியாயத்தைக் கண்டு கொதிக்கும் உள்ளத்துக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். எனக்கோ, இந்த அடக்கத்திலேதான் அந்தத் தீர்ப்பின் முழு வலிமையும் இருப்பதாகத் தோன்றுகிறது; ஏனெனில், கைதிகளிடம் இரக்கம் இல்லாத ஒருவன் கூட அந்தத் தர்க்கத்தை மறுக்க வழியில்லை.

ஆனால், வார்த்தைகளைப் பற்றிக்கொண்டு நடப்பதே எப்போதும் சுதந்திரத்துக்குத் துணை செய்யும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இத்தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு, மே 19-ஆம் தேதி, அதே ஆறு நீதிபதிகள் ஏ. கே. கோபாலன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தார்கள். கோபாலனும் மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்டு; சென்னை அரசாங்கத்தின் கைதி; 'கிராஸ் ரோட்ஸ்' தடை செய்யப்பட்ட அதே மார்ச் 1-ஆம் தேதிதான் அவருக்கும் புதிய தடுப்புக்காவல் உத்தரவு வழங்கப்பட்டது. உயிரையும் உடற்சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த முறைப்படியன்றிப் பறிக்கலாகாது என்று 21-ஆவது ஷரத்து கூறுகிறதே, அந்த முறை நியாயமான முறையாக இருக்க வேண்டாமா என்று அவருடைய வக்கீல் எம். கே. நம்பியார் வாதாடினார். சட்டசபை எந்த முறையை வகுத்தாலும் அது சட்டம் வகுத்த முறைதான் என்று பெரும்பான்மையோர் கூறிவிட்டார்கள். பதஞ்சலி சாஸ்திரியும் அவர்களுள் ஒருவர். இந்த அம்சத்தில் தனித்து நின்று மாறுபட்டவர் பஸல் அலி. முறை என்ற சொல்லுக்குள்ளேயே, குற்றச்சாட்டைத் தெரிவித்தல், விளக்கம் கேட்டல், நடுவுநிலையான விசாரணை என்ற இயற்கை நியாயங்கள் அடங்கியுள்ளன என்றார் அவர்; விஜயராகவாச்சாரியார் 1884-இல் பெற்ற நியாயத்தின் குரல் அது. அதே பஸல் அலி, ஒரு வாரம் கழித்துத் தாப்பரின் வழக்கில், சிறு கலகமே பெருங்கலகமாக வளரும் என்று கருதி அரசாங்கத்தின் பக்கம் நின்றார். சுதந்திர வாதி, அரசாங்க வாதி என்று நீதிபதிகளுக்கு முத்திரை குத்திப் பழகிய நமக்கு இது விளங்காத புதிர்போல் இருக்கும். அவர்களோ, எதிரே நிற்பவர் யார் என்று பாராமல், ஒவ்வொரு வழக்கிலும் தமக்குப் புலப்பட்ட பொருளைக் கூறினார்கள். கோபாலன் வழக்கில் பெரும்பான்மையோரின் குறுகிய வாசிப்புத் தவறானது என்பதை, 1978 ஜனவரி 25-ஆம் தேதி மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டு பஸல் அலியின் வழிக்கு வந்து சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

தீர்ப்பு வந்தவுடன் அரசாங்கம் செய்தது என்ன? கோர்ட்டு எந்த வார்த்தை இல்லை என்று சொல்லிற்றோ, அந்த வார்த்தையை அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. 1951 ஜூன் 18-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற முதல் திருத்தம், பேச்சுச் சுதந்திரத்துக்கான விலக்குகளில் பொது ஒழுங்கையும் சேர்த்தது; கூடவே, எந்தக் கட்டுப்பாடும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. அப்போது மத்திய சர்க்காரில் உள்நாட்டு மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. அக்காலச் சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்து, சேலம் கோர்ட்டுகளில் வக்கீலாகப் புகழ்பெற்று, அந்நகரின் சபைத் தலைவராக இருந்து, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்ட அதே ராஜாஜி, அந்த வருஷம் பத்திரிகைகளை ஆட்சேபகரமான விஷயங்களுக்காகக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் பார்லிமெண்டில் நிறைவேற்றி வைத்தார். தேசத்தின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது. அவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க இடமில்லை. எட்டு வருஷங்களுக்குப் பின், பதவியிலில்லாத ராஜாஜி, அரசாங்கத்தின் கையில் அதிகாரம் குவிவதே தேசத்துக்கு ஆபத்து என்று முழங்கிச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். மகா மேதாவிக்கும் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதிகாரத்தின் முகம் மாறித் தெரிகிறதென்றால், இடம் மாறாத ஒருவர் அரசியல் சட்டத்தைக் காத்து நிற்க வேண்டிய அவசியம் எவ்வளவு என்பது தானே விளங்கும்.

அப்படி நிற்பவர் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தது, சென்னை மாகாணத்திலிருந்தே சென்ற இன்னொரு வழக்கு. அரசியல் கல்வி பரப்புவதற்கென்று பதிவு பெற்றிருந்த மக்கள் கல்விச் சங்கத்தை, சேலம் துப்பாக்கிச் சூடு நடந்த ஒரு மாத காலத்துக்குள், 1950 மார்ச் 10-ஆம் தேதி சென்னை அரசாங்கம் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதன் பொதுச் செயலாளரான பாரிஸ்டர் வி. ஜி. ராவ் ஹைக்கோர்ட்டுக்குச் சென்று வென்றார். அரசாங்கம் அப்பீல் செய்தது. 1952 மார்ச் 31-ஆம் தேதி, அப்போது பிரதம நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி அதைத் தள்ளுபடி செய்தார். சங்கம் ஆபத்தானது என்பதற்கு அரசாங்கத்தின் சொந்த நம்பிக்கையே போதும் என்றும், காரணத்தைக் கோர்ட்டு ஆராயலாகாது என்றும் வகுத்த சட்டம் நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பது முடிவு. முடிவைவிட முக்கியமானது, அவர் கூறிய விளக்கம். சட்டசபையோடு போர் தொடுக்கும் வேட்கையால் நாங்கள் சட்டங்களை ரத்துச் செய்யவில்லை. அரசியல் சட்டம் எங்கள்மேல் சுமத்திய கடமையால் செய்கிறோம் என்றார். எது நியாயம் என்று அளக்கும்போது, தீர்ப்புக் கூறும் நீதிபதியின் சொந்தச் சமுதாயத் தத்துவமும், அவர் மதிக்கும் விழுமியங்களும் உள்ளே புகுந்தே தீரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்கு அவர் கண்ட மாற்று இரண்டு: ஒன்று, பொறுப்புணர்ச்சியும் தன்னடக்கமும், மற்றொன்று, இந்த அரசியல் சட்டம் தம்மைப்போல் சிந்திப்பவர்களுக்காக மட்டும் இயற்றப்படவில்லை, எல்லோருக்குமாக இயற்றப்பட்டது என்ற ஓயாத நினைப்பு. நீதிபதிகளுக்கு இதைவிட மேலான உபதேசம் இந்தியாவில் எழுதப்பட்டதாக நான் அறியேன்.

இனி இதே சமவெளியின் மற்றொரு புதல்வரிடம் வருவோம். திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரையில் சென்னை மாகாண முதன்மந்திரி. 1937-இல் அமைந்த ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் நிர்வகித்தவர். அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினர். அவருடைய புதல்வர் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்து, அங்குள்ள மாணவர் விவாத சங்கத்தின் தலைவராகவும் இருந்து, பாரிஸ்டராகித் திரும்பியவர். ஜமீன்தாரின் மகன் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்; சேலம் சிறையில் எந்தக் கட்சியினர் சுடப்பட்டார்களோ, அன்று அதே கட்சியில் முன்னணி ஊழியராக இருந்தார். பின்னர் சென்னையின் அட்வொகேட்-ஜெனரலாகி, காங்கிரஸில் சேர்ந்து, 1971-இல் புதுச்சேரியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்று, இந்திரா காந்தியின் மந்திரிசபையில் உருக்கு, சுரங்க மந்திரியானார். 1973 ஏப்ரல் 24-ஆம் தேதி, பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்த கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைப் பார்லிமெண்டு திருத்தங்களாலும் சிதைக்க முடியாது என்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. மறுநாளே, ஷெலாட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ராய் பிரதம நீதிபதியாக நியமிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் ராஜிநாமாச் செய்தனர். அந்த நியமனத்துக்காக லோக்சபையில் வாதாடியவர் மோகன் குமாரமங்கலம்.

அவருடைய வாதம் அற்பமானதன்று. நில உச்சவரம்பு, பாங்குகளைத் தேசிய உடைமையாக்குதல், மன்னர் மானிய ஒழிப்பு ஆகியவற்றுக்கு 1967 முதல் கோர்ட்டுத் தீர்ப்புகள் குறுக்கே நின்றதை அவர் கண்டிருந்தார். நீதிபதிக்கும் ஒரு வாழ்க்கைத் தத்துவம் உண்டு. அதை மூடி மறைத்து நடுநிலை என்று பெயரிடுவதால் அது மறைந்துவிடாது. மூப்பு ஒன்றையே பார்த்துப் பிரதம நீதிபதியை நியமிக்க வேண்டியதில்லை என்று சட்டக் கமிஷனே 1958-இல் கூறியிருக்கிறது. ஆகையால், தேசத்தின் போக்கை உணர்ந்த மனப்பான்மையுடையவரைத் தேர்ந்தெடுக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டு என்றார். இதையே நூலாகவும் எழுதினார். அதே வருஷம் மே 31-ஆம் தேதி டில்லிக்கருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். தம் கொள்கையின் பலனைக் காண அவர் இருக்கவில்லை.

பதஞ்சலி சாஸ்திரியும் மோகன் குமாரமங்கலமும் ஒரே உண்மையிலிருந்துதான் புறப்பட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நீதிபதியின் தத்துவம் தீர்ப்பில் நுழைகிறது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஆகையால் நீதிபதி தன்னைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார் ஒருவர். ஆகையால் சர்க்கார் தனக்கு இசைந்த நீதிபதியைத் தேட வேண்டும் என்றார் மற்றவர். முதல் வழியில் சேலம் சிறைக்கைதியின் தோழர்களுக்கு நியாயம் கிடைத்தது. இரண்டாம் வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நெருக்கடி நிலைக்காலம் காட்டிற்று. 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டவன் ஆட்கொணர்வு மனுவோடு எந்தக் கோர்ட்டின் கதவையும் தட்ட முடியாது என்று, ஏ. என். ராய் தலைமையில் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்டவர் எச். ஆர். கன்னா ஒருவரே, 1977 ஜனவரியில் பிரதம நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. குமாரமங்கலம் இதை விரும்பியிருப்பார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், சர்க்காரின் தத்துவத்துக்கு இசைந்தவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டால், நல்ல தத்துவத்துக்காகத் திறந்த வாசல் வழியே வேறு எதுவும் உள்ளே வரலாம் என்பதை 1950-இல் சுடப்பட்ட கட்சியில் இருந்தவர் எல்லோரையும்விட நன்றாக உணர்ந்திருக்க வேண்டும் என்ற துக்கம் என்னை விட்டு நீங்கவில்லை.

அப்படியானால் நீதிபதிக்குச் சமுதாய நோக்கமே கூடாதா? கூடும் என்பதற்கு வி. ஆர். கிருஷ்ணய்யர் சாட்சி. மலபாரின் தலைச்சேரியில் வக்கீலாயிருந்து விவசாயிகளுக்காக வாதாடி, 1948-இல் ஒரு மாதம் சிறைவாசமும் அனுபவித்து, 1952-இல் சென்னைச் சட்டசபை அங்கத்தினராகி, கேரளத்தில் மந்திரியாயிருந்து சிறைகளையும் நிர்வகித்து, 1973 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானவர் அவர். சேலம் சிறையில் மாண்டவர்கள் எந்த ஜனங்களைச் சேர்ந்தவர்களோ, அந்த ஜனங்களின் வக்கீல். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, சக கைதி ஒருவனுக்கு இழைக்கப்பட்ட சித்திரவதையைப் பற்றிக் கடிதம் எழுதினான்; சட்டம் கேட்கும் வடிவம் எதுவுமில்லாத அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது கோர்ட்டு. சிறைக்குள் நுழைவதால் ஒருவன் ஜீவாதார உரிமைகளை வெளியே விட்டுவிட்டு வருவதில்லை என்று 1978-லும் 1979-லும் பத்ரா வழக்குகளில் கிருஷ்ணய்யர் விரிவாக எழுதினார். 1950 பிப்ரவரியில் இந்தக் கொள்கை சிறை அதிகாரிகளின் மனத்தில் ஊன்றியிருந்தால் சேலத்தின் சரித்திரத்தில் அந்தக் கறை படிந்திராது. நீதிமன்றத் தலையீடு என்று இன்று நாம் சொல்லும் இயக்கம் இப்படித்தான், கோர்ட்டுக்கு வர வழியற்றவர்களுக்கு வழி திறப்பதாகத் தொடங்கியது. இது வரம்பு மீறல் அன்று. 21-ஆவது ஷரத்தின் வார்த்தைகளை அதன் முழு ஆழத்தோடு வாசித்ததே ஆகும்.

ஆனால், திறந்த வாசலில் பிரஜைகள் மட்டும் நுழைந்தார்கள் என்று சொல்ல முடியாது; நீதிமன்றத்தின் சொந்த அதிகாரமும் அதே வாசலால் பெருகிற்று. நீதிபதிகளை ஜனாதிபதி, பிரதம நீதிபதியைக் கலந்து ஆலோசித்து நியமிக்க வேண்டும் என்று 124-ஆவது ஷரத்து கூறுகிறது. 1973-இன் கசப்பான அனுபவத்தை மனத்தில் கொண்டு, 1993 அக்டோபர் 6-ஆம் தேதி, ஆலோசனை என்பது மூத்த நீதிபதிகளின் இசைவு என்ற அளவுக்கு வியாக்கியானம் விரிந்தது; நியமனத்தில் இறுதிச் சொல் நீதிபதிகளிடமே வந்து சேர்ந்தது. இதை மாற்றப் பார்லிமெண்டு இயற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தையும் 2015 அக்டோபர் 16-ஆம் தேதி கோர்ட்டு ரத்துச் செய்தது. சர்க்காரின் பிடியிலிருந்து நீதித்துறையை மீட்க வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. எனினும், மூல வாசகத்தில் இல்லாத அதிகாரத்தைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட வாசிப்பு இது என்பதை, அந்த நோக்கத்தைப் போற்றுகிறவர்களும் மறுக்க இயலாது. பதஞ்சலி சாஸ்திரியின் தன்னடக்கம் எங்கே மிகவும் தேவையோ, அங்கே அது தளர்ந்தது.

தன்னடக்கமும் விசால நோக்கும் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கும் சேலத்திலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்கிறது. சிவில் வழக்குகளின் தாமதத்தைக் குறைக்க, சிவில் நடைமுறைச் சட்டத்தை 1999-லும் 2002-லும் பார்லிமெண்டு திருத்தியபோது, நாடெங்கும் வக்கீல்கள் கிளர்ச்சி செய்தார்கள். சேலம் வழக்கறிஞர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்கே வழக்குக் கொண்டு சென்றது. 2002 அக்டோபர் 25-ஆம் தேதி, திருத்தங்கள் அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று கூறிய கோர்ட்டு, அவற்றை அமலாக்கும்போது நேரக்கூடிய சிரமங்களை ஆராய நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்க வழிசெய்தது. அதன் அறிக்கைகளைப் பரிசீலித்து 2005 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. பிரதிவாதி தொண்ணூறு நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி, மீறினால் உரிமையே போய்விடும் என்ற கட்டாயம் அன்று. மிகக் கடினமான சந்தர்ப்பங்களில் காரணம் காட்டினால் நீதிபதி அவகாசம் தரலாம், ஆனால் அதையே வழக்கமாக்கலாகாது என்றது. கோர்ட்டுக்கு வெளியே சமரசம், மத்தியஸ்தம் ஆகியவற்றால் வழக்குகளை முடிக்கும் 89-ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர மாதிரி விதிகளை ஹைக்கோர்ட்டுகளின் பரிசீலனைக்கு அனுப்பிற்று. சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. பார்லிமெண்டின் நோக்கத்தைப் பழிக்கவில்லை. அதே சமயம், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிரதிவாதி ஒரு தேதி தவறியதால் நிலத்தை இழந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டது. இன்று தேசத்தின் எந்த மூலையிலுள்ள முன்சீப் கோர்ட்டிலும், எதிருரைக்கு அவகாசம் கேட்கும் வக்கீலின் வாயில் சேலத்தின் பெயர் வருகிறது.

இந்தச் சரித்திரம் முழுவதையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, நீதிபதிக்கு ஏற்ற விதி ஒன்று எனக்குத் தெளிவாகிறது. பிரஜையின் உரிமையைக் கூறும் ஷரத்துக்களை அவர் விசாலமாக வாசிக்க வேண்டும். 1884-இல் அப்படி வாசித்ததால்தான் விளக்கம் கேளாத நீக்கம் செல்லாமற்போயிற்று. 1950-இல் தாப்பருக்கும் 1952-இல் ராவுக்கும் அப்படி வாசித்தார்கள். கோபாலனுக்கு அப்படி வாசிக்கத் தவறியதைத் திருத்த ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது. சர்க்காரின் அதிகாரத்தைக் கூறும் ஷரத்துக்களை அவற்றின் எல்லையோடு நிறுத்தி வாசிக்க வேண்டும். தம் சொந்த அதிகாரத்தைக் கூறும் ஷரத்துக்களையோ, இவை எல்லாவற்றையும்விடக் குறுக்கமாக வாசிக்க வேண்டும். ஏனெனில், மற்றவர்கள் எல்லை மீறினால் தடுக்க நீதிபதி இருக்கிறார். நீதிபதி எல்லை மீறினால் அவருடைய மனச்சாட்சியைத் தவிர வேறு கோர்ட்டு இல்லை. மந்திரிகள் மாறுவார்கள், கிளர்ச்சிக்காரர் மந்திரியாவார், மந்திரி எதிர்க்கட்சிக்காரராவார், இந்தச் சேலத்துச் சமவெளியே ராஜாஜியையும் மோகன் குமாரமங்கலத்தையும் அதற்கு உதாரணமாகத் தந்திருக்கிறது. ஆகவே, தம் முன் நிற்பவர் தமக்கு வேண்டியவரா வேண்டாதவரா என்று பாராமல், தமக்குப் பிடிக்காத கொள்கையுடையவனுக்கும் முதலில் நியாயம் தருகிற நீதிபதியைத்தான் நாம் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை நியமிக்குமாறு சர்க்காரையும், அப்படி நடக்குமாறு நீதிபதிகளையும் ஓயாமல் வற்புறுத்துவது பிரஜைகளாகிய நம்முடைய கடமை.